கின்னௌர், ஸ்பிதி தனிப் பயணம்: சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

பொடிநடை

வணக்கம். செப்டம்பர் கடைசியில் ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி பக்கம் போகிறேன். சிம்லாவில் ஆரம்பித்து ராம்பூர், ரெக்காங் பியோ, கல்பா, நாகோ, தாபோ, காஸா என்று அரசுப் பேருந்திலேயே போகப் போகிறேன். குன்சும் கணவாய் திறந்திருந்தால் அப்படியே மணாலி வழியாக இறங்குவதாகத் திட்டம். தனி ஆள்.

தங்குமிடம், பேருந்து நேரம் எல்லாம் இங்கே பலர் எழுதிவிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றித்தான் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. வீடியோக்களில் எல்லாரும் காஸாவில் ஏதோ ஒரு கஃபேயில் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். அதற்கா அவ்வளவு தூரம் போவது? அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசை. ஆனால் நாலு பேராகப் போனால் நாலு பண்டம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒற்றை ஆளுக்கு ஒரு தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். ஒருவனுக்காக யார் அடுப்பு மூட்டுவார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது. உயரமான இடம், வயிறு ஒத்துக்கொள்ளுமா? அம்மா பருப்புப் பொடி கட்டிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். எடுத்துப் போகலாமா?

தேவதாரு

தம்பி, நீங்கள் குறையாகச் சொல்வதுதான் உங்களுக்கு வசதியே. நாலு பேராகப் போனால் ஹோம்ஸ்டேயில் கூடத்தில் தனி மேஜை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஒற்றை ஆளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, நேரே அடுப்படிதான். குளிர் தொடங்கிவிட்டால் அந்த வீடுகளில் சூடான அறை அது ஒன்றுதான். நடுவில் இரும்பு அடுப்பு, அதைத் தந்தூர் என்பார்கள். கூரை வழியாகப் புகைக்குழாய் போகும். சுற்றிலும் தாழ்வான திண்டுகள். குழந்தைகள் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதும், பாட்டி அங்கேயே கம்பளி பின்னுவார். நீங்களும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நான் எந்த வீட்டிலும் மெனு கேட்பதில்லை. "கர் மேம் க்யா பன் ரஹா ஹை?" (வீட்டில் என்ன சமையல்?) என்று மட்டும் கேட்பேன். வீட்டுக்கு எது ஆகிறதோ அதில் எனக்கும் ஒரு பங்கு. ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுவார்களா என்ற கேள்வியே அப்போது வராது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். ஏழு மணிக்குப் போய் நின்றுகொண்டு துக்பா கேட்டால் எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

துக்பா எல்லாருக்கும் தெரியும், நூடுல்ஸ் சூப். தெந்துக் என்று ஒன்று உண்டு, அதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கோதுமை மாவைத் தளரப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊற வைத்திருப்பார்கள். அதைப் பட்டையான நாடா மாதிரி இழுத்து, இடது மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் நகத்தளவு நகத்தளவாகக் கிள்ளிக் கொதிக்கும் குழம்பில் எறிவார்கள். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், கை நிற்காது. குழம்பு வெங்காயம், தக்காளி, முள்ளங்கி, கீரை என்று வீட்டில் என்ன இருக்கிறதோ அது. தாபோவில் நான் தங்கிய வீட்டில் என் கையிலும் ஒரு நாடாவைக் கொடுத்தார்கள். நான் கிள்ளியவை தடித்துப் போய்த் தட்டில் தனியாகத் தெரிந்தன. அந்த வீட்டுப் பையன் அவற்றைப் பொறுக்கி எடுத்து என் கிண்ணத்திலேயே போட்டான்.

குமரி எக்ஸ்பிரஸ்

ஹிமாசலின் உள்ளூர் உணவு மேகி. நாலாயிரம் மீட்டருக்கு மேலே வேறு எதுவும் விளையாது 😄

சட்லஜ் கரை

சிரிப்பாகச் சொன்னாலும் பாதி உண்மை. நான் கின்னௌரில் ஒரு நீர்மின் திட்டத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலாளர் குடியிருப்பில் உள்ளூர்ப் பையன்கள் விரும்பிக் கேட்டது மேகிதான். தினசரிச் சாப்பாடு என்றால் அரிசிச் சோறு, ராஜ்மா அல்லது பருப்பு, ரொட்டி. நம்ம ஆட்கள் போய் "பாரம்பரிய உணவு" என்று கேட்டால் அவர்களுக்குப் புரிவதில்லை. நம் வீட்டுக்கு ஒருவர் வந்து இன்றைக்கு ஏன் கேழ்வரகுக் களி இல்லை என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. ஹிமாசலை ஒரே ஊராக நினைத்துவிடாதீர்கள். பட்டியல் போடுகிறவர்கள் சிட்டு, தாம், துக்பா என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிடுகிறார்கள். சிட்டு சிம்லா மேல்பகுதி, குல்லு, மண்டிப் பக்கத்துப் பண்டம். கோதுமை மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, உள்ளே வால்நட், கசகசா அரைத்த பூரணம் வைத்து, ஆவியில் வேகவைத்து, வெட்டி நெய் ஊற்றித் தருவார்கள். மாவு புளிக்கவே மணிக்கணக்கில் ஆகும். பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் சிட்டு வந்தால் அது காலையில் வேகவைத்ததைச் சுடவைத்தது. அதுவும் மோசமில்லை, நெய்யை மட்டும் தாராளமாகக் கேளுங்கள். தாம் விருந்து மண்டி, காங்க்ரா, சம்பா, பிலாஸ்பூர் பக்கம். இவை இரண்டையும் காஸாவில் போய்த் தேடாதீர்கள்.

கின்னௌரில் பார்க்கவேண்டியது ஓக்லா, பாப்ரா. இரண்டும் பாப்பரை, அதாவது பக்வீட் வகை. அந்த மாவில் சில்டா என்று நம்ம தோசை மாதிரி ஊற்றுவார்கள். லேசான கசப்பு, பழகினால் பிடிக்கும். காட்டு ஆப்ரிகாட்டுக்கு அங்கே சுல்லி என்று பேர். கொட்டையை உடைத்து எண்ணெய் எடுப்பார்கள், சமையலுக்கும் ஆகும், மூட்டுவலிக்குத் தேய்க்கவும் ஆகும். நீங்கள் போகும் நேரம் சில்கோசா இறக்கும் காலம். பைன் மரத்துக் காய், அதற்குள் நீளமாக, பழுப்புத் தோலோடு விதை. காய் தானாக வெடிப்பதற்கு முன்பே மரத்தில் ஏறிப் பறித்தாகவேண்டும். மரங்களோ செங்குத்துச் சரிவில் நிற்கும். டெல்லிக் கடையில் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் அந்தச் சரிவை ஒரு தடவை பார்த்தால் பேரம் பேச மாட்டார்கள்.

குக்கர் விசில்

வயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறையும். காஸா சுமார் 3,700 மீட்டர். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரம் தளதளவென்று கொதிப்பது போலத் தெரியும், உள்ளே பருப்பு கல்லாகவே கிடக்கும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாத சமையலறையைப் பார்க்க முடியாது. குக்கருக்குள் வெப்பம் நூறைத் தாண்டிவிடும். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் சாப்பிடாதீர்கள். காரணம் ருசி மட்டும் இல்லை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும். நசுங்கவில்லையென்றால் ஓரமாக ஒதுக்கிவிட்டு ரொட்டியும் காயும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தில் முதல் ஓரிரு நாட்கள் பசி மந்தமாக இருக்கும். பசியே இல்லாமல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொண்டால் உணவைக் குற்றம் சொல்லாதீர்கள், அது உயர நோயாக இருக்கலாம். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். தனியாகப் போகிறவர் இதை வீட்டு அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் உங்களைக் கவனிக்க ஒரு ஆள் ஆயிற்று. சூப், சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் எளிதாக உள்ளே போகும். எண்ணெயில் பொரித்தது வேண்டாம்.

சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஏறுவது நல்ல முடிவு. கல்பா 2,960, நாகோ 3,660 என்று உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலியிலிருந்து ஒரே நாளில் காஸா போகிறவர்கள்தான் முதல் ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்துக்கிடப்பார்கள்.

தயிர்சாதம்

சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களின் நிலைமை என்ன? ஆண்டு இறுதியில் நானும் போக யோசிக்கிறேன். மோமோ ஒரே பாத்திரத்தில் வேகும் என்கிறார்களே.

தேவதாரு

கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான். அடுக்கு அடுக்கான ஸ்டீமர், கீழ்த்தட்டில் மட்டன் என்றால் மேல்தட்டில் முட்டைக்கோஸ். உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் மோமோவை மறந்துவிடுங்கள். துக்பாவில் காய் மட்டும்தான் என்பார்கள், குழம்பு எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். "ஹட்டி கா சூப் தோ நஹீம்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். வீடுகளில் இந்தப் பிரச்சினை குறைவு. முன்கூட்டியே சொன்னால் உங்களுக்காக மட்டுமில்லை, அன்றைக்கு வீடு முழுக்கவே சைவம்தான்.

ஆனால் ஆண்டு இறுதி என்கிறீர்களே, யோசியுங்கள். குளிரில் குன்சும் மூடிவிடும், கின்னௌர்ப் பக்கம் மட்டும்தான் வழி. பச்சைக் காய் அருமையாகிவிடும். உருளைக்கிழங்கு, முள்ளங்கி, காயவைத்த கீரை, காயவைத்த இறைச்சி, இவ்வளவுதான் இருப்பு. இறைச்சி வேண்டாம் என்றால் உங்கள் தட்டில் மிச்சம் உருளைக்கிழங்கு.

ஊறுகாய் ஜாடி

பொடி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. என் கருத்து: எடுத்துப் போகாதீர்கள். ஊர் விட்டு ஊர் போய் நம்ம பொடியையே தின்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சுடச்சுடத் துக்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு டப்பாவிலிருந்து புளிக்காய்ச்சல் எடுத்துச் சோற்றில் பிசைந்ததைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. சமைத்த அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சட்லஜ் கரை

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் நண்பரே. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் பயணம் போகிறார்கள். பழகிய சாப்பாடு கையில் இருந்தால் தைரியம். ஒதுக்கி வைப்பது தப்பு, எடுத்துப் போவது தப்பில்லை.

நான் எப்போதும் இட்லிப் பொடி ஒரு டப்பா கொண்டுபோவேன். எனக்காக மட்டும் இல்லை. டிங்மோ என்று ஒன்று, மடித்து மடித்து ஆவியில் வேகவைத்த வெள்ளை ரொட்டி, பஞ்சாக இருக்கும். பிய்த்தால் இதழ் இதழாக வரும். கின்னௌரில் பூ என்கிற ஊரில் ஒரு வீட்டில் அதை நெய்யும் இட்லிப் பொடியும் தொட்டுச் சாப்பிட்டேன். தாத்தா ஒரு துண்டு கேட்டார். அப்புறம் டப்பாவை என்னிடம் திருப்பித் தரவே இல்லை. பதிலுக்கு அவர் வீட்டுச் சட்னி ஒரு பாட்டில் கொடுத்தார், வால்நட்டும் சிவப்பு மிளகாயும் அரைத்தது. ஒற்றை ஆளாகப் போகிறவன் ஒரு வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஊறுகாய் ஜாடி

அப்படியென்றால் சரி. நான் சொன்னது டப்பாவைத் தனக்குள்ளேயே மூடிவைத்துக்கொள்பவர்களை.

மண்டி மாப்பிள்ளை

தாம் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். மனைவியின் ஊர் மண்டிக்குப் பக்கம். பொடிநடை தம்பி மணாலியிலிருந்து கீழே இறங்கும்போது மண்டியைத் தாண்டித்தான் போகவேண்டும், கல்யாண சீசன் என்றால் ஓட்டலிலேயே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டலில் "ஹிமாச்சலித் தாலி" என்று தருவது வேறு. உண்மையான தாம் விருந்தைப் பரம்பரையாகச் சமைக்கும் பிராமணர்கள் சமைப்பார்கள். தரையில் நீளமாகக் குழி வெட்டி விறகு எரித்து, அதன்மேல் அடி அகன்று வாய் குறுகிய பித்தளைப் பாத்திரங்களை வரிசையாக ஏற்றியிருப்பார்கள். நம்ம பந்திதான், ஆனால் எல்லாரும் தரையில், வரிசையாக, தைத்த இலைத் தட்டில். சோற்றுக்கு மேல் ஒவ்வொன்றாக வரும். மண்டியில் இனிப்புப் பூந்தி முதலிலேயே வந்துவிடும். அடுத்து சேப்பு வடி, உளுந்து வடியைக் கீரைக் குழம்பில் போட்டது. சம்பா, காங்க்ரா பக்கம் தயிரில் சமைத்த கொண்டைக்கடலை மத்ரா பிரபலம். புளிப்பான கட்டாவும் உண்டு.

கிராமத்தில் ஒரு வீட்டு விசேஷம் நடக்கிறது, தெருவில் தனியாக ஒருவர் பையோடு நடந்துபோகிறார் என்றால் கூப்பிட்டு உட்கார வைப்பது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். வரிசை முழுவதும் முடித்து எழும்போதுதான் நீங்களும் எழ வேண்டும். நடுவில் எழுந்தால் தப்பாக நினைப்பார்கள். பரிமாறுகிறவர் ஓட்டமாகப் போவார், வேண்டாம் என்றால் கையை முன்கூட்டியே இலைக்கு மேல் நீட்டிவிடுங்கள்.

குமரி எக்ஸ்பிரஸ்

சாராயம் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? அதுவும் உள்ளூர் உணவுதான்.

தேவதாரு

பார்லியில் சாங் போடுவார்கள், புளித்த கஞ்சி மாதிரி இருக்கும். அதை வடித்தால் அரக். கின்னௌரில் திராட்சை, ஆப்பிள், ஆப்ரிகாட் எல்லாவற்றிலும் வடிப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் கையில் ஊற்றித் தந்தால் ஒரு வாய் குடிக்கலாம். மேலே வந்த முதல் இரண்டு ராத்திரிகள் அதுவும் வேண்டாம், தூக்கத்தில் மூச்சு ஏற்கெனவே திணறும். பெண்கள் தனியாகப் போனால் என் விதி ஒன்று: வீட்டு அம்மாவோ பாட்டியோ ஊற்றினால் மட்டும். ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே "தபியத் டீக் நஹீம்" (உடம்பு சரியில்லை) சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாந்துபோவீர்கள், சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும். கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்திருந்து, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுந்திருங்கள். வறுத்த பார்லி மாவு ஒரு பிடி கொடுத்தால் அந்தத் தேநீரிலேயே போட்டு விரலால் பிசைந்து உருண்டையாக்கிச் சாப்பிட வேண்டும். அதுதான் த்ஸம்பா, கடையில் கேட்டால் சத்து என்பார்கள். நடைபயணத்துக்கு அதைவிடச் சௌகரியமான கட்டுச்சோறு எனக்குத் தெரியாது. ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொடிநடை

எல்லாருக்கும் நன்றி. போய் வந்துவிட்டேன். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

தேவதாரு அக்கா சொன்ன அடுப்படி யோசனை நாகோவிலும் தாபோவிலும் அப்படியே பலித்தது. நாகோவில் கறுப்புப் பட்டாணியும் பார்லியும் சேர்த்து வேகவைத்த கஞ்சி கொடுத்தார்கள். சூப்பும் இல்லை, குழம்பும் இல்லை, கரண்டி நிற்கும் பதம். இன்றைக்கு ஸ்பிதி விவசாயிகள் சந்தைக்கு அனுப்புவது பச்சைப் பட்டாணி, கறுப்பை வீட்டுக்குக் கொஞ்சம்தான் போடுகிறார்களாம். மண் வாசனை தூக்கலாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

கல்பாவில் மட்டும் யாரும் சொல்லாத ஒன்று நடந்தது. ஆப்பிள் அறுவடை நேரம். பகலில் வீட்டில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் தோட்டத்தில். மதியம் எங்கே சாப்பிடுவது? நானும் தோட்டத்துக்கே போனேன். பெட்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நேபாளத்து ஆட்கள். மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சோறு, கறுப்பு உளுந்துப் பருப்பு, சுட்ட தக்காளியில் பச்சை மிளகாயும் ஏதோ நாக்கு மரத்துப்போகும் ஒரு மிளகும் நசுக்கிய சட்னி. பயணத்திலேயே மிகவும் ருசித்துச் சாப்பிட்டது அதைத்தான். இது கின்னௌர்ச் சாப்பாடா, நேபாளச் சாப்பாடா என்று சட்லஜ் கரை அண்ணா சொல்லட்டும்.

இன்னொரு ஊரில் ஒரு தங்குமிடத்தில் சாப்பாடு வாடகையில் சேர்த்தி என்று போனில் சொல்லிவிட்டுக் காலையில் தனிக்கணக்கு நீட்டினார்கள். தனி ஆளுக்கு வாதாட யார் துணை? கொடுத்துவிட்டு வந்தேன். முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் நெட்வொர்க் இல்லாமல் யுபிஐ வேலை செய்யாது, கையில் ரொக்கம் அவசியம்.

பேருந்து சாப்பாட்டுக்கு நிற்கும் தாபாக்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். டிரைவர் எந்த மேஜைக்குப் போகிறாரோ அதே மேஜை, அவர் சொன்னதே எனக்கும். கடி சாவல் அப்படித்தான் பழகியது, நம்ம மோர்க்குழம்புக்குச் சொந்தம். பொடி டப்பா தாபோவிலேயே காலி.

சட்லஜ் கரை

அந்த மிளகு திமுர் ஆக இருக்கும். நேபாளத்தில் சட்னிக்கு அது இல்லாமல் ஆகாது. அந்த ஆட்கள் வருடா வருடம் சீசனுக்கு வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் கின்னௌர் ஆப்பிள் கீழே இறங்காது. அவர்கள் தட்டில் இருப்பதும் கின்னௌர்ச் சாப்பாடுதான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தயிர்சாதம்

சில்கோசா வாங்கினீர்களா? எப்படி வைத்திருப்பது? போன வருஷம் ஒருவர் கொடுத்தது ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடித்துவிட்டது.

பொடிநடை

ரெக்காங் பியோ சந்தையில் கால் கிலோ வாங்கினேன், ஓட்டோடு. எண்ணெய்ச்சத்து அதிகம், நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சிக்கடிக்கத்தான் செய்யும். ஓட்டை உடைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், வேண்டும்போது கொஞ்சம் எடுத்து வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போதே பாதி டப்பா காலி.